பன்றி தைராய்டில் இருந்து ஒரு மாத்திரை: 'இயற்கை' ஹார்மோன் மருந்தை அமெரிக்கா ஏன் கேள்வி கேட்கிறது?

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. தமிழ்நாட்டில் பல வீடுகளில் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, மனைவிக்கோ இது தினசரி வழக்கம். அந்த மாத்திரையில் இருப்பது லெவோதைராக்சின். தொழிற்சாலையில் தயாராகும் தைராய்டு ஹார்மோன்.

அமெரிக்காவில் இதே பிரச்னைக்கு வேறொரு மாத்திரையும் உண்டு. பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்தி, பொடியாக்கி, மாத்திரையாக அழுத்தி விற்கிறார்கள். 'நேச்சுரல் தைராய்டு' என்பது மக்கள் மத்தியில் அதன் பெயர். 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 15 லட்சம் பேருக்கு இது எழுதிக் கொடுக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ கணக்கிட்டுள்ளது.

2025 ஆகஸ்டில் அதே எஃப்டிஏ, இந்த மாத்திரைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 'விலங்கிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்துகள் எதற்கும் எங்கள் அனுமதி இல்லை' என்பதுதான் அதன் சாரம். பல வருஷமாக இதையே சாப்பிட்டு வரும் நோயாளிகள் கொதித்துப் போனார்கள்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருக்கும் ஒரு மருந்துக்கு அனுமதியே இல்லையா? 'இயற்கை' என்றால் நல்லதுதானே, டாக்டர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

தைராய்டு குறைந்தால் உடம்பில் என்ன நடக்கும்?

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சிறிய சுரப்பிதான் தைராய்டு. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், சாப்பிட்டது எவ்வளவு வேகமாகச் செலவாக வேண்டும் என்பதில் எல்லாம் இதன் கை இருக்கிறது.

இந்தச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று டி4, அதாவது தைராக்சின். இதில் நான்கு அயோடின் அணுக்கள். இன்னொன்று டி3. இதில் மூன்று. சுரப்பியிலிருந்து பெருமளவில் வெளியே வருவது டி4தான். ஆனால் செல்களில் நேரடியாக வேலை பார்ப்பது டி3. கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4லிருந்து ஒரு அயோடின் அணு கழன்று அது டி3 ஆக மாறுகிறது. உடம்பில் இருக்கும் டி3யில் சுமார் 80 சதவீதம் இப்படி மாறி வந்ததுதான்.

சரி, டிஎஸ்ஹெச் என்பது என்ன? அது தைராய்டு சுரப்பதே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் 'இன்னும் வேலை பார்' என்ற உத்தரவு அது. தைராய்டு சோம்பினால் உத்தரவு அதிகமாகும். அதனால்தான் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் கூடினால் தைராய்டு குறைவு என்று டாக்டர் சொல்கிறார்.

இந்தக் குறைபாட்டுக்கு ஹைப்போதைராய்டிசம் என்று பெயர். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு, மறதி, மனச்சோர்வு எனப் பல அறிகுறிகள். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. சென்னை உள்பட இந்தியாவின் 8 நகரங்களில் நடந்து, 2013ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது தெரியவந்தது.

'நேச்சுரல்' மாத்திரையில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் 'இயற்கை மருந்து' என்றதும் மூலிகை, கஷாயம் என்றுதான் நினைப்போம். இது அந்த ரகமே இல்லை. இறைச்சிக்காக வெட்டப்படும் பன்றிகளின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, கொழுப்பு நீக்கி, உலர்த்தி, பொடியாக்கியது. 'உலர் தைராய்டு' என்பதுதான் இதற்குச் சரியான பெயர்.

இதை அளக்கும் அலகும் பழசு. பெயர் 'கிரெயின்'. ஒரு கிரெயின் என்றால் 60 முதல் 65 மில்லிகிராம் பொடி. அதில் 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3 இருக்கும்.

மொத்த விவாதத்துக்கும் அடிப்படை இந்த இரண்டு எண்கள்தான். பன்றி தைராய்டில் ஏறக்குறைய 4 பங்கு டி4க்கு 1 பங்கு டி3. மனித தைராய்டு சுரப்பது ஏறக்குறைய 14 பங்கு டி4க்கு 1 பங்கு டி3. அதாவது பன்றிக்கு இயற்கையாக இருக்கும் விகிதம் மனிதனுக்கு இயற்கையானது இல்லை. மனிதச் சுரப்பி தருவதைவிட மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் டி3 உள்ளே போகிறது.

மாறாக, ஃபேக்டரியில் செய்யப்படும் லெவோதைராக்சின், வேதியியல் அமைப்பில் மனித உடம்பு சுரக்கும் டி4 எப்படியோ அப்படியே இருக்கும். 'செயற்கை' என்பது தயாரிக்கும் முறைக்குத்தான் பொருந்தும், மூலக்கூறுக்கு இல்லை.

870 ஆடுகளும் 28 ஆண்டுகளும்

இந்த மருந்தின் கதை பன்றியில் தொடங்கவில்லை, செம்மறியாட்டில் தொடங்கியது.

1891. இங்கிலாந்தின் நியூகேஸில் நகரம். ஜார்ஜ் ரெட்மெய்ன் முர்ரே என்ற இளம் மருத்துவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் சிகிச்சைக்கு வந்திருந்தார். தைராய்டு முற்றிலும் செயலிழந்து, முகமும் உடம்பும் வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகியிருந்த நிலை. அந்தக் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை முர்ரே அவருக்கு ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு திரும்பியது, அந்தப் பெண் எழுந்து நடமாடினார்.

அடுத்த ஆண்டே, ஊசி தேவையில்லை, வாய் வழியாகக் கொடுத்தாலும் போதும் என்று வேறு இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் தனித்தனியாகக் காட்டினார்கள். முர்ரேயின் நோயாளி அதன்பிறகு 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, 1919ல் தனது 74வது வயதில் இறந்தார். அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருக்கான மருந்துக்கு 870க்கும் அதிகமான ஆடுகளின் தைராய்டு செலவானதாக முர்ரே பின்னர் எழுதினார்.

எனவே இது ஏமாற்று மருந்து இல்லை. ஒரு ஹார்மோன் குறைந்தால் அதையே வெளியிலிருந்து கொடுத்துச் சரிசெய்யலாம் என்று மருத்துவ உலகத்துக்குப் புரிய வைத்த முன்னோடி மருந்துகளில் ஒன்று. பின்னாளில் சிகாகோவின் பெரிய இறைச்சி நிறுவனமான ஆர்மர், கையில் இருந்த பன்றிச் சுரப்பிகளைக் கொண்டு இதைப் பெரிய அளவில் தயாரித்தது. இன்றும் 'ஆர்மர் தைராய்டு' என்ற பெயர் அமெரிக்க மருந்துக்கடைகளில் இருக்கிறது. ஹிலாரி கிளின்டன் அதிபர் தேர்தலில் நின்றபோது, 2015ல் அவரது டாக்டர் வெளியிட்ட உடல்நலக் கடிதத்தில் அவர் சாப்பிடும் மருந்துகளில் ஒன்றாக இந்த மாத்திரையின் பெயரும் இருந்தது.

லெவோதைராக்சின் எப்படி முந்தியது?

1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் என்ற விஞ்ஞானி, தைராய்டிலிருந்து தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். சுமார் 3 டன் பன்றி தைராய்டைக் கரைத்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் அளவுக்குத்தான். 1927ல் பிரிட்டனைச் சேர்ந்த சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். டி3 கண்டுபிடிக்கப்பட்டது ரொம்பப் பின்னால், 1952ல்.

திருப்புமுனை 1970ல் வந்தது. தைராய்டே இல்லாதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்தாலும் அவர்கள் உடம்பு அதை டி3 ஆக மாற்றிக்கொள்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். 'அப்படியானால் டி4 மட்டும் போதுமே, மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்' என்ற முடிவுக்கு மருத்துவம் வந்தது. டிஎஸ்ஹெச்சைத் துல்லியமாக அளக்கும் பரிசோதனையும் அதே காலத்தில் பரவலானது. டி4 ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் நிலைத்து நிற்கும், அளவு ஏறி இறங்காது. உலர் தைராய்டு மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

ரிப்போர்ட் நார்மல், உடம்பு நார்மல் இல்லையே!

இவ்வளவு இருந்தும் 15 லட்சம் பேர் ஏன் பழைய மாத்திரையைத் தேடுகிறார்கள்?

லெவோதைராக்சின் பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு டிஎஸ்ஹெச் சரியான அளவுக்கு வந்த பிறகும் சோர்வும், மந்தமும், எடையும் போவதில்லை. 'எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் சொல்லுது, ஆனா எனக்கு முடியலையே' என்பதுதான் இவர்கள் குறை. 'தைராய்டு சரியாத்தான் இருக்கு, வேற ஏதாவது இருக்கும்' என்று அனுப்பிவிடுகிறார்கள் என்ற வருத்தமும் உண்டு.

இது வெறும் மனப்பிரமை என்று மருத்துவ உலகம் இப்போது ஒதுக்குவதில்லை. டி4ஐ டி3 ஆக மாற்றும் என்சைமுக்கான மரபணுவில் சிலருக்குச் சிறு வேறுபாடு இருக்கிறது. அதுதான் காரணமா என்ற ஆராய்ச்சி தொடர்கிறது. இன்னொரு பக்கம், ரத்தச்சோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத்தடை, மெனோபாஸ், மனச்சோர்வு ஆகியவையும் இதே சோர்வைத் தரும். எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போட்டுவிடவும் முடியாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மருத்துவ மையத்தில் நடந்து, 2013ல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. 70 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் 16 வாரம் ஒரு மருந்து, அடுத்த 16 வாரம் இன்னொரு மருந்து. எது எந்த மருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

முடிவு இரு தரப்புக்குமே முழு வெற்றி தரவில்லை. சோர்வு, நினைவாற்றல், மனநிலை போன்ற அளவீடுகளில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கடைசியில் 'எந்த மருந்து சாப்பிட்டபோது நன்றாக இருந்தது?' என்று கேட்டபோது 34 பேர், அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேர், உலர் தைராய்டைச் சொன்னார்கள். 13 பேர் லெவோதைராக்சினைச் சொன்னார்கள். 23 பேருக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். உலர் தைராய்டு சாப்பிட்டபோது எடை சராசரியாக ஒன்றேகால் கிலோ போலக் குறைந்திருந்தது.

2021ல் 75 பேரை வைத்து, லெவோதைராக்சின், டி4-டி3 கூட்டு மருந்து, உலர் தைராய்டு என மூன்றையும் ஒப்பிட்ட இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதே பதிலைத் தந்தது. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் லெவோதைராக்சினில் அறிகுறிகள் மிக மோசமாக இருந்தவர்களுக்கு டி3 கலந்த மருந்துகளில் முன்னேற்றம் தெரிந்தது.

இரண்டுமே சிறிய ஆய்வுகள், சில மாதங்கள் மட்டும் நடந்தவை. பத்து, இருபது வருஷம் சாப்பிட்டால் இதயத்துக்கும் எலும்புக்கும் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை.

டாக்டர்கள் தயங்குவது ஏன்?

முதல் காரணம், டி3யின் வேகம். டி4 போல ஒரு வாரம் நிற்காது, ஒரு நாளிலேயே பாதியாகிவிடும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் டி3 உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். அந்த நேரத்தில் படபடப்பு, நடுக்கம், வியர்வை வரலாம். நீண்ட நாட்களுக்கு அளவு கூடுதலாகவே இருந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு தேயும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது, கர்ப்பம். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி, தாயின் ரத்தத்தில் இருக்கும் டி4ஐ நம்பியே இருக்கிறது. உலர் தைராய்டில் டி3 அதிகம், டி4 குறைவு. எனவே கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் லெவோதைராக்சின் மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது.

மூன்றாவது, அளவு மாறுதல். விலங்கின் சுரப்பி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2020ல் இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் உலர் தைராய்டு மாத்திரைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஒரு நிறுவனத்தின் மாத்திரைகளில் மே மாதம் அளவு கூடுதல், செப்டம்பரில் அதே பெயர் மாத்திரைகளில் அளவு குறைவு! மைக்ரோகிராம் கணக்கில் சாப்பிடும் மருந்தில் இது பெரிய விஷயம். லெவோதைராக்சினிலும் திரும்பப் பெறுதல் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு 95 முதல் 105 சதவீதத்துக்குள் அளவு இருந்தே ஆக வேண்டும் என்ற கறாரான விதி அமெரிக்காவில் உண்டு.

இதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2014ல் லெவோதைராக்சினையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019ல், உலர் தைராய்டைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அப்படியானால் டி3ஐ மட்டும் தனி மாத்திரையாகச் சேர்த்துக் கொடுக்கலாமே? சில நிபுணர்கள் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, கண்காணிப்போடு இதைச் செய்கிறார்கள். அதிலும் சிக்கல் வந்திருக்கிறது. பிரிட்டனில் 2009ல் 20 பவுண்டாக இருந்த ஒரு டி3 பாக்கெட் 2017ல் 248 பவுண்டுக்குப் போனது. இந்த அநியாய விலைக்காக 2021ல் அந்நாட்டின் போட்டி ஆணையம் 10 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தது.

அனுமதி இல்லாமல் எப்படி இவ்வளவு நாள் விற்றார்கள்?

அமெரிக்காவில் புதிய மருந்துகளை ஆய்வு செய்து அனுமதிக்கும் இன்றைய சட்டமுறை வந்தது 1938ல். மருந்து பலன் தருகிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1962ல் சேர்ந்தது. உலர் தைராய்டு அதற்கெல்லாம் முன்பே கடையில் இருந்தது. பழைய மருந்து என்பதால் அப்படியே தொடர்ந்து விற்கப்பட்டது. லெவோதைராக்சினும் இப்படித்தான் இருந்தது. ஆனால் 1997ல் அதற்கு எஃப்டிஏ அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட, நிறுவனங்கள் விண்ணப்பித்து 2000ஆம் ஆண்டு முதல் அனுமதி வாங்கிக்கொண்டன. உலர் தைராய்டு மட்டும் அந்த வாசலைத் தாண்டவே இல்லை.

2025 ஆகஸ்ட் கடிதத்தில், உடனே விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. நோயாளிகள் அனுமதி பெற்ற மருந்துக்கு மாற 12 மாத அவகாசம் என்றது எஃப்டிஏ. எதிர்ப்பு கிளம்பியதும், ஆய்வு முடிவுகளைப் பொறுத்து உலர் தைராய்டுக்கு முதல்முறையாக முறைப்படி அனுமதி கிடைக்க முயற்சி எடுக்கப்படும் என்று அதன் ஆணையர் மார்ட்டி மக்காரி தெரிவித்தார்.

நம் ஊரில் இது பொருந்துமா?

இந்தியாவில் வழக்கமாக எழுதிக் கொடுக்கப்படுவது லெவோதைராக்சின்தான். விலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் சமூக வலைதள வீடியோக்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு மாத்திரையை ஆன்லைனில் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இது பன்றியிலிருந்து வருவது. சைவ உணவுக்காரர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 'தைராய்டு சப்போர்ட்' என்ற பெயரில் விற்கும் சப்ளிமென்ட்களிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2013ல் இப்படி 10 தயாரிப்புகளைச் சோதித்தபோது 9ல் டி3 ஹார்மோன் இருந்தது தெரியவந்தது. அயோடின் அதிகம் சாப்பிட்டால் தைராய்டு சரியாகிவிடும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. அயோடின் உப்பு கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் குறைபாட்டுக்குக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான். அங்கே அதிக அயோடின் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

மருந்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை என்றால், பல நேரங்களில் பிரச்னை மாத்திரையில் இல்லை, சாப்பிடும் முறையில் இருக்கும்.

• வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

• இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

• அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் டெஸ்ட் எடுத்துப் பயனில்லை.

• முடி வளர சாப்பிடும் மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின், ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம். டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

• வெயில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை அடுப்புப் பக்கமும் ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

• கர்ப்பம் உறுதியானதும் உடனே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்றால், அதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ரத்தச்சோகை, பி12, வைட்டமின் டி, தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் போகலாம். டி3 சேர்த்துப் பார்ப்பது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர்தான் முடிவு செய்ய முடியும்.

செய்யவே கூடாத ஒன்று, வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது. டி4 ஒரு வாரம் உடம்பில் நிற்பதால் நிறுத்திய முதல் சில நாட்கள் எந்த வித்தியாசமும் தெரியாது. 'பார்த்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்' என்று தோன்றும். குறைபாடு திரும்ப வருவது அதற்கடுத்த வாரங்களில்தான்.